இது நீங்கள்தானா?

பிப்ரவரி 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரையும் வைத்து எழுதவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். நம்புவதற்கு உனக்கு ஒரு நிமிடம் தருகிறேன்.

நம்பிவிட்டாயா? சரி. நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் கோபித்துக்கொள்கிறது. உன் கண் எரிச்சல் குறைந்ததா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. போனில் சொல்லாதே. போனில் சொல்லிவிட்டால் எனக்குப் படிக்க என்ன மிஞ்சும்?

ஞாயிற்றுக்கிழமை தொடங்கினேன். இன்று புதன். ஒரு மாலைக்கு ஏழெட்டு வரி வருகிறது. "அது என்ன முட்டையா, இப்படி அடைகாக்கறீங்க?" என்று அம்மா கேட்கிறாள். நூலக மாடியில் நடக்கும் எழுத்தறிவு வகுப்பில் எனக்கு முன்பெஞ்சு. அறுபத்தோரு வயதில் முன்பெஞ்சு கிடைத்தது நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒரு விசேஷம். கிடங்கில் நாங்கள் உடை மாற்றும் அறையில், தடித்த கோட்டுகள் தொங்கும் சுவரை ஒட்டி, ஒரு திரை மாட்டியிருக்கிறார்கள். முன்பெல்லாம் யாருக்கு எந்த அறை என்று சூப்பர்வைசர் கத்திச் சொல்லுவார். இப்போது அட்டையைத் திரையில் காட்டினால் பெயரும் இடமும் வருகிறது. எனக்கு 'கதவு, மூன்றாம் குளிர் அறை' என்று வந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கதவில் நிற்கிறேன். உள்ளே போகிற தலையையும் வெளியே வருகிற தலையையும் எண்ணி, சரியாக இருந்தால்தான் பூட்டுகிறேன். என் கதவை எழுத்தில் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"இதை என் மகள்தான் செஞ்சா" என்று எல்லாரிடமும் சொன்னேன். உன் மாமா உடனே, "அப்ப உங்க மககிட்ட சொல்லி எனக்கு வாரம் ரெண்டு நாள் லீவு போடச் சொல்லுங்க மச்சான்" என்கிறார். மற்றவர்கள் திரையைப் பார்ப்பதே இல்லை. அட்டையைக் காட்டுவார்கள், 'டிங்' என்று சத்தம் வரும், போய்விடுவார்கள். எந்த அறை என்று என்னைத்தான் கேட்பார்கள்.

தாள் முடிகிறது. உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அப்பா

*

பிப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்துக்கே எடுத்துப்போய்ப் பக்கத்து மேசைக்காரியிடம் காட்டினேன். "உங்கப்பா கையெழுத்து உன்னோடதைவிட நல்லா இருக்கே" என்றாள். நான் நன்றாக இருக்கிறேன். கண் எரிச்சல் பரவாயில்லை. அம்மாவைப் படி ஏறவிடாதீர்கள்.

ஆமாம், அந்தப் பணிப்பட்டியல் நான் எழுதியதுதான். என் வேலை என்ன என்று எப்போதும் கேட்பீர்கள். எழுத்தில் சொல்லிப் பார்க்கிறேன். நம் கம்பெனி தன் பதினேழு கிளைகளுக்கும் சேர்த்து ஒரு கணினித் தளத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறது. அறிவிப்பு, கோப்பு, விடுமுறை எல்லாம் அதற்குள்ளேதான். வாடகை வீடு என்பதால் சுவரை இடிக்கக் கூடாது. ஆனால் நமக்கு வேண்டிய அலமாரியைச் செய்து உள்ளே வைத்துக்கொள்ளலாம். நான் அலமாரி செய்கிறவள். நிரலை எழுதி, பொட்டலமாகக் கட்டி, தளத்தில் ஏற்றுவேன். ஏற்றிய மறு நிமிடம் அது ஆயிரம் பேர் முன்னால் நிற்கும்.

இப்போது புதிதாக ஒன்று கேட்கிறார்கள். பணியாளர் பட்டியலில் எப்போதோ போய்விட்டவர்களின் பெயர்களும் கிடக்கின்றன. அவற்றைக் களைய ஒரு வழி வேண்டுமாம். முதலில் தலைமை அலுவலகத்தில் மட்டும் வைத்துப் பார்க்கப்போகிறோம். வேலை நெருக்கடி அதிகம். அடுத்த கடிதம் தாமதமானால் கோபிக்காதீர்கள்.

மாமாவின் லீவு விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாகச் சொல்லுங்கள்!

பாசத்துடன்,
மகள்

*

மார்ச் 12

என் அருமை மகளே,

இங்கே யாருக்கும் தும்மல்கூட இல்லை. நீயும் அப்படியே இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை நான்காம் தேதி தொடங்கினேன். பிழை இல்லாமல் எழுத வேண்டும் என்று இரண்டு தடவை கிழித்துப்போட்டேன். அதனால் எட்டு மாலை ஆகிவிட்டது.

நீ கேட்டதைப் படித்தேன்! மூன்றாம் தேதி காலை அட்டையைக் காட்டினேன். என் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்தது. நான் எழுத்துக் கூட்டுவதற்குள் மறைந்துவிட்டது. 'இது' என்பது மட்டும்தான் அகப்பட்டது. மறுபடி அட்டையைக் காட்டினேன். 'இது நீங்கள்' வரை வந்தேன். ஒட்டகம் பின்னால் நின்றுகொண்டிருந்தான். உயரமாக இருப்பான் என்று சொல்லியிருக்கிறேனே, அவன்தான். "என்ன பெரியவரே, சினிமாவா ஓடுது? நகருங்க" என்றான். மூன்றாவது தடவை முழுதும் படித்துவிட்டேன். 'இது நீங்கள்தானா?' கீழே பச்சைக் கட்டத்தில் 'ஆம்'.

அம்மாடி, எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அத்தனை தூரத்திலிருந்து நீ என்னைக் கேட்கிறாய். அப்பா, படிக்கிறது நீங்கள்தானா என்று. நான் கையுறையைக் கழற்றி, விரலைப் பேண்டில் துடைத்து, 'ஆம்' என்பதை அழுத்தினேன். 'நன்றி' என்று வந்தது. அதையும் படித்தேன்.

"என்ன எழுதியிருக்கு?" என்று ஒட்டகம் கேட்டான். "அது எங்க வீட்டு விஷயம்" என்றேன். உன் மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் கேலி பேசுவார்.

இனி அடிக்கடி இப்படிக் கேள். ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும்படி வை.

ஆசிகளுடன்,
படிக்கத் தெரிந்த உன் அப்பா

*

மார்ச் 19

அன்பு மகளுக்கு,

நலம் விசாரிக்க இந்தக் கடிதத்தில் இடம் இல்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன். இதை ஒரே மாலையில் எழுதுகிறேன். பிழையைப் பொறுத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை காலை உன் மாமா அட்டையைக் காட்டினார். 'டிங்' வரவில்லை. மறுபடி காட்டினார். "மச்சான், என்னமோ செவப்பா வருது பாருங்க." பார்த்தேன். அவர் பெயர் இருந்தது. இடம் இல்லை. இடம் வரும் வரியில் 'பணியில் இல்லை' என்று இருந்தது. ஒட்டகம் காட்டினான், அதே. ரேடியோ காட்டினாள். பழம் தரம் பிரிக்கிற அந்த அம்மா வாயை மூடி நான் பார்த்ததே இல்லை, அன்று மூடினாள். பதினொரு பேர் காட்டினார்கள். பதினொரு பேரும் பணியில் இல்லை. நான் காட்டினேன். 'கதவு, மூன்றாம் குளிர் அறை'.

சூப்பர்வைசர் வந்தார். "மேலேருந்து வந்திருக்கு. என் கையில ஒண்ணுமில்ல. யாரும் உள்ள போகக் கூடாது" என்றார்.

"இருபது வருஷமா எங்க மூஞ்சியைப் பாக்கறீங்க. நாங்க இருக்கமா இல்லையா, நீங்களே சொல்லுங்க" என்றாள் ரேடியோ.

"நான் சொல்லி என்னம்மா, அது சொல்லணும்" என்று திரையைக் காட்டினார்.

பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். "உங்க மக செஞ்சதுதானே, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள். "ரெண்டு நாள்ல சரி பண்ணிடுவா" என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். உனக்கு ஐந்து தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. வேலையாக இருப்பாய். கடிதம் என்றால் நீ எடுத்துத்தானே ஆக வேண்டும்.

கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே போக ஒருவரும் இல்லை.

அப்பா

*

மார்ச் 28

அப்பாவுக்கு,

அம்மாவும் நீங்களும் நலம் என்று நம்புகிறேன். நான் போனை எடுக்காதது வேலையால் இல்லை. உங்கள் குரலைக் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கேள்வி உங்கள் கிடங்கில் வந்திருக்கவே கூடாது. தலைமை அலுவலகத்தில் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி. அங்கே எல்லாருக்கும் முன்பே சொல்லியிருந்தோம். பதினான்கு நாளுக்குள் 'ஆம்' அழுத்தாதவர் வேலையை விட்டுப் போய்விட்டவர் என்று பட்டியலில் விழும். பொட்டலத்தைத் தளத்தில் ஏற்றும்போது ஒரு சின்னப் பெட்டி கேட்கும்: எல்லாக் கிளைகளுக்குமா? நாங்கள் ஒத்திகை பார்க்கும் தளத்தில் ஒவ்வொரு முறையும் அதில் குறி போட்டுத்தான் ஏற்றுவேன். இல்லையென்றால் ஒவ்வோர் இடமாகப் போய்ச் சேர்க்க வேண்டும். மூன்று மாதப் பழக்கம். மூன்றாம் தேதியும் கை தானாகவே குறி போட்டுவிட்டது.

உங்கள் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. படித்த அன்றே எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிட்டேன். அலமாரி போய்விட்டது. ஆனால் அது பட்டியலில் எழுதிவைத்தது போகவில்லை. அந்தப் பட்டியல் பணியாளர் பிரிவுடையது. அதில் எழுத என் நிரலுக்கு அனுமதி இருந்தது. எனக்கு இல்லை.

குழுத் தலைவரிடம் சொன்னேன்.

"எத்தனை பேர்?"

"இருநூத்திப் பதினாறு, சார்."

"அவங்க திரையில கேள்வி வந்துச்சா?"

"வந்துச்சு. ஆனா நாலு வினாடிதான். நிறையப் பேருக்குப் படிக்க..."

"கேட்டோம். பதில் வரல. அவ்வளவுதான். இதுக்கு மேல இதைப் பத்தி எங்கயும் எழுதி வைக்காதம்மா. உனக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல."

பணியாளர் பிரிவுக்கு நானே நடந்து போனேன். ஒரு முறை 'பணியில் இல்லை' என்று விழுந்தவர் புதிதாகத்தான் சேர வேண்டுமாம். புதிதாகச் சேர நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டுமாம். மாமாவுக்கு ஐம்பத்து மூன்று.

மாமாவிடம் என்ன சொல்வீர்களோ, அதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா.

மகள்

*

ஏப்ரல் 9

அன்பு மகளுக்கு,

அம்மா நலம். என்னைப் பற்றி விசாரிக்காதே.

உன் கடிதத்தை ஆறு தடவை படித்தேன். இவ்வளவு பெரிய கடிதத்தை யாரிடமும் கேட்காமல் படித்துவிட்டேன் என்று நடுவில் ஓர் இடத்தில் சந்தோஷம்கூட வந்தது. அப்புறம் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து வெட்கமாக இருந்தது. அம்மா, "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாள். "உடம்பைப் பாத்துக்கச் சொல்லியிருக்கா" என்றேன். அதுவும் அதில் இருந்ததுதானே.

நீ ஒரு குறி போட்டாய். நான் என்ன செய்தேன் என்று கேள். ஒட்டகம் என்னிடம் வாயைத் திறந்து கேட்டான், என்ன எழுதியிருக்கு என்று. 'இது நீங்களான்னு கேக்குது, ஆம்னு அழுத்துங்கடா' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பதினான்கு நாள் அந்தத் திரைக்கு முன்னால் அவர்களோடு நின்றேன். கடிதத்தையாவது முதல் நாளே பெட்டியில் போட்டிருக்கலாம். பத்தாம் தேதி உன் கைக்கு வந்திருக்கும். அழகாக எழுத வேண்டும் என்று எட்டு மாலை உட்கார்ந்திருந்தேன். உன் கடிதத்தில் நீ இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டவில்லை. எனக்கும் கணக்கு வரும் அம்மாடி.

மாமாவிடம் சொல்லவில்லை. யாருடைய தவறைச் சொல்வது என்று தெரியவில்லை.

அவர் தினமும் சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்து, அந்த நாற்காலியில், கோட்டுப் போட்ட பழக்கத்தில் இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன் அம்மா தம்பிக்குத் தட்டு வைக்கிறாள். எனக்கும் வைக்கிறாள். பேச்சு மட்டும் வைப்பதில்லை.

பதினொரு பேருக்கும் மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன். அவர்களில் எழுதத் தெரிந்தவர் இல்லை. ஒருவருக்கு ஒரு மாலை என்று வைத்திருக்கிறேன். இந்த முறை அழகு பார்க்கவில்லை. எழுதி முடித்ததும் ஒன்றாக உன் பெயருக்கு அனுப்புகிறேன், நீ கையில் கொண்டுபோய்க் கொடு.

அப்பா

*

மே 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் மூவரும் நலமா?

பதினொரு மனுவும் வந்தன. ரேடியோ அம்மாவின் மனு நான்கு பக்கம். அவர் சொல்லச் சொல்ல எழுதினீர்கள் என்று தெரிகிறது. பணியாளர் பிரிவில் கொடுத்தேன். அங்கே இருந்த பெண் நல்லவள். எல்லாவற்றையும் படித்தாள். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"தாள்ல வாங்கறதில்லங்க. தளம் வழியா அனுப்பச் சொல்லுங்க."

"தளத்துக்குள்ள வர அட்டை வேணும். அவங்க அட்டை செல்லாதே."

"பணியில இருந்தா செல்லுமே."

"பணியில இல்லன்னுதாங்க மனுவே."

 அவளுக்கும் புரிந்தது. அதற்கு மேல் செய்ய அவளிடம் ஒன்றும் இல்லை.

அட்டை இல்லாதவர்களும் மனு கொடுக்கும்படி ஒரு பக்கம் எழுதிவிட்டேன். இரண்டு நாள் வேலைதான். ஒத்திகைத் தளத்தில் உங்கள் பதினொரு மனுவையும் நானே தட்டச்சு செய்து அனுப்பிப் பார்த்தேன். அழகாகப் போய்ச் சேருகிறது. ஆனால் மார்ச்சுக்குப் பிறகு உண்மையான தளத்தில் ஏற்றும் உரிமையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். வேறொருவர் பார்த்து, சரி என்று சொல்லி, அவர்தான் ஏற்ற வேண்டும். அனுப்பியிருக்கிறேன். 'பரிசீலனையில்' என்று காட்டுகிறது.

அம்மா பேசினாளா?

மகள்

*

மே 21

அன்பு மகளுக்கு,

சுகம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

பரிசீலனை முடிந்ததா? எல்லாரும் கேட்கிறார்கள். காலையில் நான் போகும்போது வாசல் கம்பிக்கு வெளியே நிற்பார்கள். முதலில் பதினொரு பேர் நின்றார்கள். இப்போது ஆறேழு பேர்தான். "உங்க மக எழுதிட்டாளா?" என்பான் ஒட்டகம். "எழுதிட்டா, ஏத்தணும்" என்பேன். "ஏத்தறதுக்கு ஆள் இல்லையா? நாங்கல்லாம் லோடு ஏத்தறவங்கதானே, வந்து ஏத்திக் குடுத்துட்டுப் போறோம்" என்கிறான். சிரித்தோம். சிரித்துவிட்டு நான் உள்ளே போனேன், அவர்கள் வெளியே நின்றார்கள்.

என்னையும் எடுத்துவிடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். "நீங்க போனா அவங்க வந்துடுவாங்களா பெரியவரே? அப்புறம் உங்களுக்கும் உங்க மச்சானுக்கும் வேலை இருக்காது. யோசிச்சுப் பேசுங்க" என்றார். யோசித்தேன். கதவுக்குத் திரும்பிப் போய் நின்றேன்.

அம்மா பேசினாள். மாமாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாள். உன் கடிதத்தை அவளுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் கண்டுபிடித்துவிட்டாள்.

பதில் போடு. சின்னதாக இருந்தாலும் போடு.

அப்பா

*

ஜூன் 8

அப்பாவுக்கு,

நலம். நான் எழுதிய பக்கம் திரும்பி வந்துவிட்டது. 'இப்போதைக்குத் தேவை இல்லை' என்று ஒரு வரி. யார் எழுதியது என்றுகூட அதில் இல்லை.

என்னை வேறு வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். அட்டையைக் காட்டும்போது அன்று பிறந்தநாள் என்றால் திரையில் பூக்கள் உதிர வேண்டும். அதற்கு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மாமாவிடம் நானே சொல்லிவிடட்டுமா? சரி என்று நீங்கள் எழுதினால் சொல்கிறேன். அம்மாவிடம் கொடுக்க வேண்டிய மருந்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

மகள்

*

ஜூன் 24

அன்பு மகளுக்கு,

மருந்து வந்தது. அம்மாவுக்கு முழங்கால் கொஞ்சம் மடங்குகிறது. நீ வருத்தப்பட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருக்காதே. மாமாவிடம் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். ஏன் என்று இந்தக் கடிதத்தைப் படித்தால் தெரியும்.

அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். பதினொரு பேரும். கம்பெனி ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஆள் கேட்டது. அவர் வாசலில் நின்றவர்களையே, வராதவர்களுக்கும் சொல்லி அனுப்பி, கூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அதே கோட்டு, அதே அறை, அதே பெட்டிகள். சூப்பர்வைசர்கூடச் சிரித்தார். ரேடியோ உள்ளே நுழைந்ததிலிருந்து பேச்சை நிறுத்தவில்லை.

ஆனால் திரைக்கு அவர்களைத் தெரியாது. பட்டியலில் இல்லாதவர் உள்ளே வந்தால் அவர் வருகையாளர். அவருக்குப் பதிவேட்டில் எழுத வேண்டும். கதவில் எழுதத் தெரிந்த ஆள் இருப்பதால் அந்தப் பதிவேட்டை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். தினமும் காலையில் பதினொரு வரி. பெயர், வந்த நேரம், எதற்காக வந்தார். நான் மெதுவாக எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். அவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்க வரிசையில் நிற்கிறார்கள். ஒருவரும் சலித்துக்கொள்வதில்லை. தங்கள் பெயரை நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறார்கள்.

முதல் நாள் மூன்றாவது கட்டத்தில் 'வேலை' என்று எழுதினேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்துவிட்டார்.

"வேலைன்னு எழுதாதீங்க பெரியவரே. அப்படி எழுதினா நாளைக்கு இவங்க இங்க வேலை செஞ்சவங்கன்னு ஆயிடும்."

"செய்யத்தானே வந்திருக்காங்க?"

"பார்வையிடன்னு போடுங்க. எனக்கு வந்த உத்தரவு அது."

பார்வையிட. ஐந்து எழுத்து. பதினொரு தடவை எழுதினேன். இன்று காலை உன் மாமாவின் முறை வந்தபோது அவர் பதிவேட்டின் மேல் குனிந்து, "எனக்கு என்ன எழுதியிருக்கீங்க? படிங்க மச்சான்" என்றார். பின்னால் ஒட்டகமும், "ஆமா, படிங்க, கேப்போம்" என்றான். நான் விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வைத்தேன். அவர் பெயரைப் படித்தேன். ஆறு மணி என்று படித்தேன். மூன்றாவது கட்டத்துக்கு வந்து, "வேலைக்கு வந்தார்" என்று படித்தேன்.

எழுத்தைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து, எழுதியிருப்பது ஒன்றாகவும் நான் படித்தது ஒன்றாகவும் இருந்தது இன்றுதான்.

மாமா அந்தச் சொல்லை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "இதானா வேலை? நல்லா இருக்கு" என்றார். அப்புறம், "பதினொரு பேருக்கு எழுதி உங்க கை நோகுது. இந்த ஒரு சொல்லை மட்டும் எனக்குச் சொல்லிக் குடுங்க மச்சான். என் வரியில நானே எழுதிக்கறேன்" என்றார்.

நாளைக்கு ஆகட்டும் என்று சொல்லி அனுப்பினேன். நாளைக் காலை ஆறு மணிக்குப் பேனாவை வாங்க வந்து நிற்பார். எந்தச் சொல்லைக் காட்டுவது என்று இந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

நீ நன்றாக இரு.

உன் அப்பா